மெயிலில் வந்ததை எக்செல்லில் ஒட்டினால் ஏன் இந்தப் பாடு? கம்ப்யூட்டர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் ஏகப்பட்டது ஒரே புலம்பல்தான். மெயிலில் இருந்ததைக் காப்பி செய்தேன், எக்செல்லில் ஒட்டினேன், எல்லாம் கலைந்துபோனது, என்ன செய்வது? அதனால் பிரிண்டர், ஆன்ட்டிவைரஸ் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒட்டிய பிறகு மாங்கு மாங்கென்று சரி செய்வதைவிட ஒட்டும் முன் அரை நிமிஷம் செலவழிப்பதுதான் லாபம். ஏனென்றால் ஒட்டுகிற அந்த நொடியில் எக்செல் சில விஷயங்களைத் தானாகவே முடிவு செய்துவிடுகிறது, அதில் ஒன்றிரண்டை அப்புறம் யாராலும் திருப்ப முடியாது.

*கேள்வி: வெளியூர்க் கடைகளிலிருந்து சேலை ஆர்டர் மெயிலில்தான் வருகிறது. அந்த டேபிளை இழுத்துக் காப்பி செய்து ஒட்டினால் நீலம், மஞ்சள் என்று கலரோடு வந்து உட்காருகிறது, ஒரு வரி மட்டும் பூதம் மாதிரி உயரமாக நிற்கிறது, சில செல்கள் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன, கடைசியில் கூட்டல் போட்டால் பூஜ்யம். அண்ணே, ஒரு வழி சொல்லுங்கள்.*
– சுங்குடிக் கடைக் கணக்காளர், விளக்குத்தூண்

இதில் இரண்டு பிரச்சினை இருக்கிறது. தனித்தனியாகப் பார்ப்போம்.

காப்பி செய்யும்போது எழுத்து மட்டும் வருவதில்லை. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையில் தேங்காயும் வெற்றிலையும் சேர்ந்தே கிடப்பது மாதிரி, நீங்கள் எடுத்த அந்த டேபிள் கலர் கட்டம் எல்லாம் உள்ள எச்டிஎம்எல் வடிவத்திலும், வெறும் எழுத்தாகவும் கிளிப்போர்டில், அதாவது காப்பி செய்தது ஒட்டும்வரை தங்கும் இடத்தில், ஒன்றாகவே இருக்கிறது. எதை எடுப்பது என்பது ஒட்டப்படும் இடத்தைப் பொறுத்தது. நோட்பேட் வெறும் எழுத்தை எடுத்துக்கொள்ளும். எக்செல்லிடம் சும்மா கன்ட்ரோல் வி கொடுத்தால் எச்டிஎம்எல்லைத்தான் எடுக்கும், அதனால்தான் அனுப்பியவர் கம்பெனியின் கலர் ரசனை முழுவதும் உங்கள் ஷீட்டுக்குக் குடிவந்துவிடுகிறது.

ஆகவே ஒட்டும்போது கன்ட்ரோல், ஆல்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பேஸ்ட் ஸ்பெஷல் பெட்டி திறக்கும். அதில் எச்டிஎம்எல், யுனிகோட் டெக்ஸ்ட், டெக்ஸ்ட் என்று இருக்கும், யுனிகோட் டெக்ஸ்டைத் தேர்ந்தெடுங்கள். புதிய எக்செல் வைத்திருந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், வி போதும். கூகுள் ஷீட்ஸிலும் இதே சாவிகள்தான். டேபிள் கலைந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், வெறும் எழுத்தாக வரும்போதும் கட்டத்துக்குக் கட்டம் நடுவே ஒரு டேப் இருக்கும், எக்செல் அதைப் பார்த்துப் பிரித்துப் போட்டுக்கொள்ளும்.

ஏற்கெனவே ஒட்டி வைத்திருப்பதற்கு ஹோம் மெனுவில் கிளியர், அதற்குள் கிளியர் ஃபார்மட்ஸ். கலர், எழுத்துரு, சேர்ந்துபோன செல்கள் எல்லாம் ஒரே அடியில் போய்விடும். ஆனால் தேதி இருக்கும் நெடுவரிசையையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டால் தேதியெல்லாம் 45 ஆயிரம், 46 ஆயிரம் என்று எண்ணாகத் தெரியும், அதற்குத் தேதி ஃபார்மட்டை மறுபடி கொடுத்தால் சரியாகிவிடும். மெயிலின் அடியில் இருந்த லோகோ, கண்ணுக்கே தெரியாத பொடிப் படங்கள் எல்லாம்கூட ஷீட்டில் வந்து ஒட்டியிருக்கும். ஃபைல் காரணமே இல்லாமல் கனமாகி மெதுவாகத் திறக்கிறது என்றால் இவற்றின் வேலையாகவும் இருக்கலாம். எஃப்5 அழுத்தி, ஸ்பெஷல், ஆப்ஜெக்ட்ஸ் என்று கொடுத்தால் எல்லாம் ஒன்றாகத் தேர்வாகும், டெலீட் அடித்துவிடுங்கள். ஷீட்டில் நீங்களே வைத்த சார்ட், படம் ஏதாவது இருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

டேபிளில் ஒரே கட்டத்துக்குள் "பச்சை" என்று ஒரு வரி, அதன் கீழே "அரக்கு பார்டர்" என்று இன்னொரு வரி இருந்தால் எக்செல் அதை இரண்டு வரிசையாகப் பிரித்துவிடும். செல்கள் சேர்ந்துபோவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். வெறும் எழுத்தாக ஒட்டினாலும் இது சரியாகாது. முதலில் வேர்டில் ஒட்டி, அங்கே ரீப்ளேஸ் பெட்டியைத் திறந்து, தேடுவதில் கேரட் குறியும் (^) சின்ன பி எழுத்தும் (p) போடுங்கள், அது பாரா முடிவு. மாற்றுவதில் ஒரு சாய்கோடு போடுங்கள். அப்புறம் அதே கேரட் குறியோடு சின்ன எல் (l) போட்டு இன்னொரு முறை, அது பாரா முடியாமல் வெறும் வரி மட்டும் உடைந்திருக்கும் இடம். இப்போது "பச்சை/அரக்கு பார்டர்" ஒரே வரியாகிவிட்டது, இனி எக்செல்லுக்குக் கொண்டு போகலாம்.

சரி, கூட்டல் ஏன் பூஜ்யம்? நீங்கள் அனுப்பிய மாதிரியில் தொகை "1,850/-" என்று இருக்கிறது. நமக்கு அது பணம், எக்செல்லுக்கு அது எழுத்து. எழுத்தை அது கூட்டாது, சத்தம் போடாமல் விட்டுவிடும். எண்ணா எழுத்தா என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. நீங்கள் எதையும் மாற்றாத செல்லில் எண் வலது ஓரம் ஒட்டி நிற்கும், எழுத்து இடது ஓரம் நிற்கும். தொகை நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் எச் அழுத்தி, தேடுவதில் சாய்கோடும் சிறுகோடும் போட்டு, மாற்றுவதைக் காலியாக விட்டு ரீப்ளேஸ் ஆல் கொடுங்கள். "ரூ." இருந்தால் அதற்கும் அப்படியே. தொகைகள் வலது பக்கம் துள்ளிப் போய் நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். அப்படியும் சில அடம்பிடித்து இடது பக்கமே நின்றால் கீழே டிராவல்ஸ்காரருக்குச் சொல்லியிருப்பதைப் பாருங்கள்.

*கேள்வி: எங்கள் பள்ளி பழைய மாணவர்கள் விவரத்தை மெயிலில் வாங்கி ஒரே ஷீட்டாகச் சேர்க்கிறேன். 0452 என்று தொடங்கும் எண்களில் முதல் பூஜ்யம் காணாமல் போகிறது. பேங்க் அக்கவுன்ட் நம்பர் ஒன்று 16 இலக்கம், கடைசி இலக்கம் 7, ஷீட்டில் 0 என்று இருக்கிறது. நான் கை வைக்கவே இல்லை.*
– சங்கப் பொருளாளர், திருமங்கலம்

நீங்கள் கை வைக்கவில்லை, எக்செல் வைத்தது. நான் மேலே திருப்ப முடியாது என்று சொன்னது இதைத்தான்.

எக்செல் எண்களை வைத்துக்கொள்ளும் முறையில் 15 இலக்கம்வரைதான் துல்லியம். 16-ஆவது இலக்கத்திலிருந்து எது வந்தாலும் பூஜ்யமாக்கிவிடும். அந்த 7 செல்லுக்குள் எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை, ஃபார்மட்டை டெக்ஸ்ட் என்று மாற்றினாலும் வராது. ஒரே வழி, பழைய மெயிலைத் தேடியெடுத்து மறுபடி ஒட்டுவது. பணம் போட வேண்டிய அக்கவுன்ட் நம்பர் என்பதால் 15 இலக்கத்துக்கு மேல் இருக்கும் ஒவ்வொன்றையும் மெயிலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், "0 என்று முடிவது இயல்புதானே" என்று விட்டுவிடாதீர்கள்.

இனிமேல் இப்படிச் செய்யுங்கள். ஒட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசைகளைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் 1 அழுத்தி, வகையை டெக்ஸ்ட் என்று வைத்துவிடுங்கள். அப்புறம் யுனிகோட் டெக்ஸ்டாக ஒட்டுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் பலன். டெக்ஸ்ட் என்று வைத்துவிட்டுச் சும்மா கன்ட்ரோல் வி கொடுத்தால், உள்ளே வரும் எச்டிஎம்எல் நீங்கள் வைத்ததை அழித்துவிட்டுத் தன் இஷ்டத்துக்கு உட்கார்ந்துகொள்ளும்.

பூஜ்யம் போன தொலைபேசி எண்களை மீட்கலாம், ஏனென்றால் போனது என்ன என்று நமக்குத் தெரியும். ஆனால் ஒரு குழப்பம் இருக்கிறது. மதுரை லேண்ட்லைன் எண் பூஜ்யத்தோடு சேர்த்து 11 இலக்கம். பூஜ்யம் போனால் 10, அதாவது பார்ப்பதற்கு மொபைல் எண் மாதிரியே நிற்கும். மொபைல் எண்கள் 6, 7, 8, 9 இந்த நான்கில் ஒன்றில்தான் தொடங்கும், ஆகவே 452 என்று தொடங்குகிற 10 இலக்கத்தை ஃபில்டர் போட்டுப் பிரித்தெடுத்து, பக்கத்து நெடுவரிசையில் பூஜ்யத்தை முன்னால் ஒட்டும் ஃபார்முலா போட்டுக்கொள்ளலாம். மேற்கோள் குறிக்குள் 0, அப்புறம் ஆம்பர்சண்ட் குறி (&), அப்புறம் செல் பெயர், அவ்வளவுதான்.

ஆதார் எண் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 12 இலக்கம் என்பதால் நடுவில் புள்ளியும் கடைசியில் இ பிளஸ் 11-உமாகத் தெரிகிறது, அவ்வளவுதான், உள்ளே எண் பத்திரமாக இருக்கிறது. நம்பர் ஃபார்மட் கொடுத்து தசமத்தை 0 ஆக்கினால் முழுசாகத் தெரியும். ஆனால் பழைய மாணவர் சங்கத்துக்கு எதற்கு ஆதார்? அதையும் மெயிலில் வாங்கி ஷீட்டில் சேர்த்து ஊர் முழுக்க அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

*கேள்வி: குடியிருப்போர் சங்கத்துக்கு வீட்டு எண் பட்டியல் வந்தது. 4/7 என்ற வீடு ஏப்ரல் 7 ஆகிவிட்டது. டெக்ஸ்ட் என்று மாற்றினால் 45754 என்கிறது! அதே ஷீட்டில் சந்தா கட்டிய தேதிகளும் பாதி மாறியிருக்கின்றன.*
– சங்கச் செயலாளர், கே.கே. நகர்

பழைய எண், புது எண் என்று சாய்கோடு போட்டு எழுதுகிற நம் ஊர் வழக்கம் எக்செல்லுக்குத் தெரியாது. சாய்கோட்டுக்கு இரண்டு பக்கமும் சின்ன எண் இருந்தால் அதற்கு அது தேதி. நீங்கள் 2025-இல் ஒட்டியிருக்கிறீர்கள், அதனால் 2025 ஏப்ரல் 7 என்று எடுத்துக்கொண்டது. எக்செல் 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்துக்கொண்டு நாட்களை எண்ணுகிறது, அந்தக் கணக்கில் இந்தத் தேதி 45754. 4/31 என்ற வீடு இருந்தால் அது தப்பித்திருக்காது, ஏப்ரலில் 31 நாள் இல்லாததால் 31-ஐ ஆண்டாக வைத்து ஏதோ ஒரு ஏப்ரல் என்றுகூட எடுத்துக்கொள்ளும். 45/112 மாதிரி எப்படியும் தேதியாக முடியாததுதான் அப்படியே நிற்கும்.

உங்களுக்கு ஆறுதலாக ஒன்று சொல்கிறேன். விஞ்ஞானிகளே இதற்குத் தோற்றுப்போயிருக்கிறார்கள். மனித மரபணுக்களில் சிலவற்றுக்கு மார்ச்1, செப்ட்1 என்று குறியீடு இருந்தது, எக்செல் அவற்றை மார்ச் 1, செப்டம்பர் 1 என்று தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு 2020-இல் அந்தப் பெயர்களையே மாற்றிய செய்தியை வெளியிட்டது. எக்செல்லை மாற்ற முடியாமல் மரபணுவின் பெயரை மாற்றினார்கள்! அதற்கு அப்புறம் 2023-இல் மைக்ரோசாஃப்ட் ஒரு வசதி கொடுத்தது. ஃபைல், ஆப்ஷன்ஸ், டேட்டா என்று போனால் தானாக மாற்றுவதை நிறுத்தும் டிக்குகள் சில இருக்கும். முன்னால் வரும் பூஜ்யத்துக்கும் நீளமான எண்களுக்கும் அது உதவும், ஆனால் 4/7-க்கு அதை நம்ப வேண்டாம். முன்கூட்டியே டெக்ஸ்ட் ஃபார்மட் வைப்பதுதான் வழி.

ஒட்டிவிட்டதைச் சரிசெய்ய, அந்த செல்களுக்கு கன்ட்ரோல் 1 போய் கஸ்டம் ஃபார்மட்டில் மாதம், சாய்கோடு, நாள் என்று கொடுத்தால் பார்வைக்கு 4/7 என்று வரும். ஆனால் உள்ளே அது ஏப்ரல் மாதம்தான், வரிசைப்படுத்தும்போது மானத்தை வாங்கும். மெயில் இருந்தால் மறுபடி ஒட்டுவதே மேல்.

தேதிகள் கதை வேறு. உங்கள் கம்ப்யூட்டரின் ரீஜன் அமைப்பு அமெரிக்காவில் இருக்கிறது, அங்கே மாதம் முன்னால். மெயிலில் 05/06/2025 என்று இருந்ததை மே 6 என்று எடுத்துக்கொண்டது. 13/06/2025 வந்தபோது 13-ஆவது மாதம் கிடையாதே, அதனால் அதை எழுத்தாகவே விட்டுவிட்டது. ஆக 12-ஆம் தேதிவரை எல்லாம் தலைகீழ், 13-இலிருந்து எல்லாம் இடது ஓரத்தில் எழுத்து. இதில் நல்ல விஷயம், எதுவும் தொலையவில்லை. இடது ஓரத்தில் நிற்பவற்றைத் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய், மூன்றாவது படியில் டேட் என்பதற்கு டிஎம்ஒய் என்று கொடுத்தால் தேதியாகிவிடும். வலது ஓரத்தில் நிற்பவற்றுக்கு டேட் ஃபார்முலா போடுங்கள். வழக்கமாக ஆண்டு, மாதம், நாள் என்று கொடுக்க வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே ஆண்டு, நாள், மாதம் என்று மாற்றிக் கொடுத்தால் தலைகீழானது நிமிர்ந்துவிடும். முடித்ததும் கன்ட்ரோல் பேனலில் ரீஜனை இந்தியாவுக்கு மாற்றி வையுங்கள். கூகுள் ஷீட்ஸில் இது ஃபைல், செட்டிங்ஸ், லொகேல் என்ற இடத்தில் இருக்கிறது.

*கேள்வி: பூ ஆர்டர் மெயிலில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் சிறுகோடு போட்டு "- மல்லி", "- பிச்சி", "- கனகாம்பரம்" என்று அனுப்புகிறார்கள். ஒட்டினால் நேம் என்று ஏதோ எரர் வருகிறது.*
– மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்

கழித்தல் குறியில் தொடங்கினால் எக்செல் அதைக் கணக்கு என்று நினைத்து மல்லி என்ற பெயரில் ஏதாவது எண் இருக்கிறதா என்று தேடுகிறது. இல்லை என்றதும் எரர். இதற்கும் முன்கூட்டியே டெக்ஸ்ட் ஃபார்மட்தான் மருந்து. ஒட்டியாகிவிட்டது என்றால் எரர் வந்த செல்லைக் கிளிக் செய்து மேலே ஃபார்முலா பாரில் பாருங்கள், மல்லி அங்கேயே இருக்கும், எதுவும் போகவில்லை. தெரியாத ஆள் அனுப்பிய மெயிலில் சமக்குறியோடு தொடங்கும் வரிகள் இருந்தாலும் இப்படியே டெக்ஸ்டாக ஒட்டுங்கள், அது நிஜமாகவே ஒரு ஃபார்முலாவாக இருந்து ஷீட்டில் ஓடிவிடக்கூடும்.

*கேள்வி: நீங்கள் முன்பு சொன்னபடி பேஸ்ட் ஸ்பெஷலில் டெக்ஸ்ட் கொடுத்து ஒட்டினேன், தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகிவிட்டது. இன்னொரு மெயிலில் தமிழ் போய் ஏதோ இங்கிலீஷ் எழுத்துகள் கன்னாபின்னாவென்று வருகின்றன.*
– தமிழாசிரியை, மேலூர்

டீச்சர், முதலாவது சின்ன விஷயம். பட்டியலில் டெக்ஸ்ட் என்றும் யுனிகோட் டெக்ஸ்ட் என்றும் இரண்டு இருக்கும். வெறும் டெக்ஸ்ட் என்பது பழைய ஆன்சி முறை, அதில் தமிழுக்கு இடமே கிடையாது, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி வைத்துவிடும். தமிழ் இருந்தால் யுனிகோட் டெக்ஸ்ட் மட்டும்தான். நோட்பேடில் போட்டுச் சேமிப்பவர்களும் என்கோடிங் என்ற இடத்தில் யுடிஎஃப்-8 இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஆன்சி என்று சேமித்தால் இதே கதிதான்.

இரண்டாவது மெயில் பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்தது. அதில் உள்ளே இருப்பது இங்கிலீஷ் எழுத்துதான், எழுத்துரு மட்டும் தமிழ் வேஷம் கட்டியிருக்கிறது. கலர் வேண்டாம், ஃபார்மட் வேண்டாம் என்று நாம் வெறும் எழுத்தாக ஒட்டும்போது வேஷமும் கலைந்துவிடுகிறது. இங்கே மட்டும் ஒட்டும் முன் ஒரு யுனிகோட் மாற்றியில் போட்டு யுனிகோடாக்கிவிட்டு அப்புறம் எக்செல்லுக்கு வாருங்கள். தமிழக அரசே 2010-இல் யுனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது, இன்னும் பாமினியில் அனுப்புகிறவர்களிடம் கொஞ்சம் சொல்லிவையுங்கள், உங்கள் பேச்சைக் கேட்பார்கள்.

*கேள்வி: டூர் பயணிகள் பெயரை மெயிலிலிருந்து ஒட்டி, பணம் கட்டியவர் பட்டியலோடு பொருத்தித் தேட விலுக்அப் ஃபார்முலா போடுகிறேன். கண்ணுக்கு ஒரே பெயர்தான், ஆனால் கிடைக்கவில்லை என்று வருகிறது. டிரிம் போட்டும் பார்த்துவிட்டேன்.*
– டிராவல்ஸ் அலுவலகம், பெரியார் பஸ் ஸ்டாண்ட் அருகில்

டிரிம் சாதாரண இடைவெளியைத்தான் எடுக்கும். மெயிலிலும் வெப்பிலும் வரி உடையாமல் இருக்க வேறு ஒரு இடைவெளியைப் பயன்படுத்துவார்கள், கம்ப்யூட்டரின் எழுத்துப் பட்டியலில் அதன் எண் 160. பார்க்க ஒன்று போலவே இருக்கும், டிரிம் அதைத் தொடவே தொடாது. உங்கள் ஃபைலில் பெயர்களின் கடைசியில் அதுதான் உட்கார்ந்திருக்கிறது, செல்லுக்குள் போய் எண்ட் சாவியை அழுத்தினால் கர்சர் கடைசி எழுத்தைத் தாண்டித் தள்ளி நிற்பதைப் பார்க்கலாம்.

அந்த ஓர் இடைவெளியை மட்டும் செல்லுக்குள்ளிருந்தே காப்பி செய்து, கன்ட்ரோல் எச் பெட்டியில் தேடும் இடத்தில் ஒட்டி, மாற்றுவதில் ஸ்பேஸ்பாரால் ஒரு சாதாரண இடைவெளி தட்டி ரீப்ளேஸ் ஆல் கொடுங்கள். அதற்கு மேல் டிரிம் போட்டால் வேலை செய்யும். தொகையாக இருந்தால் மாற்றுவதைக் காலியாகவே விடலாம். தொலைபேசி எண், அக்கவுன்ட் நம்பர் இருக்கும் நெடுவரிசையில் மட்டும் இந்த ரீப்ளேஸ் வேலையைச் செய்யாதீர்கள், நடுவிலிருந்த இடைவெளியோ கோடோ போனதும் எக்செல் "ஆகா, எண்!" என்று பாய்ந்து பூஜ்யத்தைத் தின்றுவிடும். அவற்றுக்கு, ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றை வைக்கும் சப்ஸ்டிடியூட் ஃபார்முலா போடுங்கள், அது எப்போதும் எழுத்தாகவே விடை தரும். இல்லையென்றால் நோட்பேடிலேயே சுத்தம் செய்துவிட்டு ஒட்டுங்கள், எனக்கு அதுதான் பிடிக்கும்.

இதற்குப் பிறகும் ஒரு சில பெயர் பொருந்தாது என்று எழுதியிருக்கிறீர்கள், அவை எல்லாமே ஸ்ரீ என்று தொடங்குவதைக் கவனித்தீர்களா? யுனிகோடில் இந்த எழுத்தை இரண்டு விதமாக அடிக்கலாம். ஸ போட்டு உருவாக்குவது ஒன்று, ஶ என்று பின்னால் சேர்க்கப்பட்ட தனி எழுத்தைப் போட்டு உருவாக்குவது இன்னொன்று. ஸ்ரீ, ஶ்ரீ – பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி தெரியும், கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு. ஒருவர் ஃபோனில் அடித்தது ஒன்றாகவும் உங்கள் ஆபீஸ் கீபோர்டு தருவது இன்னொன்றாகவும் இருக்கிறது. ஒரு பட்டியலிலிருந்து ஸ்ரீயைக் காப்பி செய்து, இன்னொரு பட்டியலில் இருக்கும் ஸ்ரீக்குப் பதிலாக ரீப்ளேஸ் ஆல் கொடுங்கள். ஆனால் ஒன்று, பெயரை வைத்து ஆளைப் பொருத்துவதே வம்பு. மெயில் வாங்கும்போதே மொபைல் எண்ணைக் கேட்டு அதை வைத்துப் பொருத்துங்கள்.

*கேள்வி: எங்கள் இணையதளப் படிவத்திலிருந்து வரும் மெயில்களில் பெயர், ஊர், வகுப்பு, ஃபோன் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கின்றன. ஒட்டினால் எல்லாம் ஒரே நெடுவரிசையில் அனுமார் வால் மாதிரி இறங்குகிறது. ஆளுக்கு ஒரு வரியாக வேண்டும்.*
– கோச்சிங் சென்டர், அண்ணா நகர்

மைக்ரோசாஃப்ட் 365 அல்லது கூகுள் ஷீட்ஸ் என்றால் ராப்ரோஸ் என்று ஒரு ஃபார்முலா இருக்கிறது. நெடுவரிசையைக் காட்டி 4 என்று சொன்னால் நான்கு நான்காக மடித்துத் தந்துவிடும். நடுவில் காலி வரி இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள்.

பழைய எக்செல்லுக்கும் வழி இருக்கிறது. எல்லாம் ஏ நெடுவரிசையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பி1-இல் சமக்குறி போட்டு ஏ2, சி1-இல் ஏ3, டி1-இல் ஏ4 என்று கொடுத்து, மூன்றையும் சேர்த்துக் கடைசிவரை கீழே இழுத்துவிடுங்கள். முக்கால்வாசி வரிகள் அர்த்தமில்லாமல் இருக்கும், இருக்கட்டும். அந்த மூன்றையும் காப்பி செய்து அதே இடத்தில் வேல்யூஸாக ஒட்டுங்கள். பிறகு ஏ-யில் ஃபில்டர் போட்டு "பெயர்:" என்று தொடங்குபவற்றை மட்டும் காட்டச் சொன்னால், ஆளுக்கு ஒரு வரி அழகாக நிற்கும், அதைப் புது ஷீட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். யாராவது ஃபோன் வரியை விட்டுவிட்டால் அவர் வரியில் அடுத்த ஆளின் பெயர் வந்து உட்கார்ந்திருக்கும். டி-யில் "ஃபோன்:" என்று தொடங்காதவற்றை ஃபில்டர் போட்டுப் பார்த்தால் அந்தக் குளறுபடிகள் எல்லாம் சிக்கிவிடும். கடைசியாக "பெயர்:", "ஊர்:" என்ற ஒட்டுகளை எடுத்துவிடுங்கள். ஃபோனுக்கு மட்டும் மேலே சொன்ன சப்ஸ்டிடியூட்.

*கேள்வி: கட்சிக்காரர் அனுப்பும் மெயிலில் ஒரு வாக்கியமே நாலைந்து வரியாக உடைந்து நாலைந்து செல்லில் விழுகிறது. சில மெயிலில் வரிக்கு முன்னால் பெரிது என்ற குறி (>) வேறு.*
– வக்கீல் அலுவலகம், ஒத்தக்கடை

வெறும் எழுத்து மெயில்களில் ஒரு வரி 78 எழுத்துக்குள் இருப்பது நல்லது என்று மெயிலின் தொழில்நுட்ப விதியிலேயே இருக்கிறது, அதனால் சில மென்பொருள்கள் அங்கங்கே வரியை வெட்டி அனுப்புகின்றன. அந்தக் குறி, முந்தைய மெயிலை மேற்கோள் காட்டுவதற்கு. வேர்டில் ஒட்டி முதலில் அந்தக் குறியை எடுங்கள். அடுத்து இரண்டு பாரா முடிவு சேர்ந்து வருவதைத் தேடி அதற்குப் பதிலாக மெயிலில் எங்கேயும் வராத ஒன்றை, மூன்று ஹேஷ் குறி மாதிரி, வையுங்கள். அப்புறம் மீதியிருக்கும் ஒற்றைப் பாரா முடிவுகளை இடைவெளியாக்கி, கடைசியில் ஹேஷ்களை மறுபடி பாரா முடிவாக்குங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. முழு மெயிலும் ஒரே செல்லுக்குள் போக வேண்டும் என்றால் இவ்வளவு சிரமமே வேண்டாம், செல்லை டபுள் கிளிக் செய்து உள்ளே கர்சர் மினுக்கும்போது ஒட்டுங்கள்.

*கேள்வி: காலையில் நன்றாக ஒட்டிய எக்செல், மதியம் அதே மெயிலை ஒட்டும்போது கமா வரும் இடமெல்லாம் தானாகவே வெட்டி வெட்டிப் போடுகிறது. வைரஸா?*
– கல்லூரி மாணவர், வாடிப்பட்டி

வைரஸ் இல்லை தம்பி. நடுவில் எதற்கோ டெக்ஸ்ட் டு காலம்ஸ் போட்டு கமாவை டிக் செய்திருப்பீர்கள். எக்செல் அதை மூடும்வரை ஞாபகம் வைத்துக்கொண்டு, அடுத்து ஒட்டும் வெறும் எழுத்துக்கெல்லாம் அதே வெட்டைப் போடும். எக்செல்லை முழுவதுமாக மூடித் திறங்கள். திறந்திருக்கும் ஃபைல்களை மூட மனசில்லை என்றால் ஏதாவது ஒரு செல்லில் ஓர் எழுத்து அடித்து, மறுபடி டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய், கமாவை எடுத்து டேப்பை மட்டும் டிக் செய்து முடியுங்கள்.